விறுவிறு பைப்பு

இதை எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாகச் சும்மா இருந்தேன். எட்டாவதைப் பாதியில் விட்டவன் நான். டெம்போ ஓட்டுகிற கைக்கு ஸ்டியரிங் பிடிக்கத்தான் தெரியும். எழுதினால் அதிலும் தப்புக் கண்டுபிடித்து நக்கல் அடிக்க நீங்கள் இருக்கிறீர்கள். எதற்கு வம்பு என்று விட்டுவிடத்தான் பார்த்தேன்.

ஆனால் நம்ம பள்ளிக்கூட வாட்ஸப் குரூப்பில் என் பெரியப்பா படத்துக்கு மாலை போட்டு, "ஊரிலேயே முதன்முதலாகக் கட்டுத்தரைக்கு லைட் போட்டு மாடுகளுக்கு வெளிச்சம் தந்த பெரியவர்" என்று எழுதியிருந்தீர்களே, அது யார் வேலை? கீழே வரிசையாகக் கும்பிடு வேறு. அவிநாசியில் டெம்போவை நிறுத்தி டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். டீ மூக்கில் ஏறிவிட்டது.

வெளிச்சம் தந்தாராம். அந்த வெளிச்சத்தைப் பற்றி நான் சொல்கிறேன், கேளுங்கள். உங்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

நாம் ஏழாவது படித்த வருசம். எங்கள் தோட்டத்தில் பழைய ஓலைக் கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிட்டு, பெரியப்பா புதுசாகக் கட்டுத்தரை கட்டினார். இரும்புப் பைப்பை நட்டுத் தூணாக்கி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு, கீழே சிமெண்டுத் தளம், சிமெண்டுத் தண்ணீர்த்தொட்டி. மாட்டைக் கயிற்றில் கட்டினால் மரியாதை இல்லை என்று பைப்போடு வளையம் வைத்து வெல்டிங் அடித்துச் சங்கிலி போட்டார். பார்க்க வந்த ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம், "கல்யாண மண்டபமாட்ட இருக்குதுங்க" என்றார்கள். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

மண்டபத்துக்கு லைட் வேண்டுமே. வீடு தூரம், பக்கத்தில் இருப்பது மோட்டார் ரூம். மோட்டாருக்கு வருகிற லைனில் மூன்று கம்பியும் கரண்டு வருகிற கம்பி. பல்பு எரிய வேண்டுமென்றால் கரண்டு திரும்பிப் போக இன்னொரு கம்பி வேண்டும், நியூட்ரல் என்பார்களே, அது அங்கே கிடையாது. அதற்கு நம்ம பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு வித்தை தெரியும். மோட்டார் ரூமிலிருந்து ஒரே ஒரு வயரை இழுத்துப் பல்பின் ஒரு பக்கம் கொடுப்பது, மறுபக்கத்து வயரை எங்கேயாவது பூமிக்குள் இறங்கியிருக்கிற இரும்பில் கட்டிவிடுவது. 'எர்த்துல எரிய வெக்கறது' என்று பெயர். பூமாதேவியே நியூட்ரல்.

பெரியப்பா அந்த வயரை எங்கே கட்டினார் தெரியுமா? கட்டுத்தரைத் தூணில். மாட்டுச் சங்கிலியை வெல்டிங் அடித்திருந்த அதே பைப்பில்.

"வயர்மேன் எதுக்கு? ஒத்தை வயருல சோலியை முடிச்சுப்போட்டேன் பாரு" என்று குண்டு பல்பைப் போட்டுக் காட்டினார். நான் கை தட்டினேன். அதை நினைத்தால் இப்போது என் கையை நானே கடிக்கலாம் போல் இருக்கிறது.

மாடு அம்மாவுடையது. சத்தியமங்கலத்தில் இருந்து மாமன் லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கிய செவலை ஜெர்சிக் கலப்பு. நெற்றியில் சுட்ட அப்பளம் மாதிரி ஒரு வெள்ளை வட்டம். அம்மா பக்கத்தில் போனாலே அதற்கு மடி சுரந்துவிடும். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ஊறுகிற வாசனையோடு அம்மா வருகிறதை அது இருட்டிலேயே கண்டுபிடித்துக் கழுத்தை நீட்டும். எங்கள் வீட்டில் அம்மா சொன்னால் கேட்கிற ஒரே ஆள் அதுதான். அப்பா கோயமுத்தூரில் மில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். வந்தாலும் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

பல்பு வந்து கொஞ்ச நாளில் மழை நின்று மண் காய்ந்தது. பல்பு மங்க ஆரம்பித்தது. அதற்கும் பெரியப்பாவிடம் வைத்தியம் இருந்தது.

"டேய், பொழுதோட அந்தப் பைப்புத் தூருல ரெண்டு கொடம் உப்புத் தண்ணி ஊத்து. எர்த்து நல்லாப் புடிக்கும்."

அது என் வேலையாயிற்று. கல்லுப்பைக் கரைத்து ஊற்றினால் பல்பு குபுக்கென்று வெளிச்சமாகும். ஊற்றாவிட்டால் அழுகிற மாதிரி எரியும். ஒரு நாள் பந்து விளையாட்டில் மறந்துவிட்டு, அவசரமாக வெறுங்காலோடு ஓடிவந்து பைப்பைப் பிடித்தேன். உள்ளங்கையில் எறும்புக் கூட்டம் ஓடியது. கையை எடுத்தால் நின்றது. வைத்தால் ஓடியது.

அறிவுள்ளவன் என்ன செய்வான்? பெரியவர்களிடம் சொல்வான். நான் கடை போட்டேன்.

இப்போது ஞாபகம் வருகிறதா? 'விறுவிறு பைப்பு.' ஒரு தடவை தொட ஒரு கோலிக்குண்டு. ஒரு கால் ஈரத்தில் வைத்து, ஒரு கையால் பைப்பைத் தொட்டு, பத்து எண்ணுகிறவனுக்குக் கோலி வாபஸ். இன்று சோமனூரில் தறி ஓட்டுகிறானே நம்ம தறிக்காரன், அவன் மூன்று எண்ணுவதற்குள் டவுசரை நனைத்துவிட்டு, "தொட்டித் தண்ணி தெறிச்சுப்போச்சுடா" என்றான். செத்திருக்க வேண்டியவர்கள் நாம். அது தனிக் கதை.

எனக்கு யாவாரம் தெரிந்துவிட்டது. உப்புத் தண்ணீர் ஊற்றிய நாளில் பைப்பில் விறுவிறுப்பு கம்மி. ஊற்றாத நாளில் எச்சு. அதனால் நீங்கள் வருகிற நாளில் நான் ஊற்றமாட்டேன். நீங்கள் தொட்டு, சிரித்து, கோலியைக் கொடுத்துவிட்டுப் போவீர்கள். அதற்கப்புறம் அதே பைப்பில் கட்டியிருக்கிற மாட்டிடம் அம்மா பால் கறக்க உட்காருவாள்.

மாடு உதைத்தது. முதலில் காலை மாற்றி மாற்றி வைத்தது, அப்புறம் சொம்பைத் தட்டிவிட்டது, ஒரு நாள் அம்மாவின் முழங்காலிலேயே விட்டது. பகலில் வெளியே மேயும்போது சாதுவாக இருக்கும். பொழுது சாய்ந்து உள்ளே கட்டினால் கண் பிதுங்கும். தொட்டியில் வாய் வைத்து உறிஞ்சாது, பூனை மாதிரி நுனி நாக்கால் நக்கும். பால் பாதியாயிற்று.

அம்மாவுக்கு ஒரு வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசமாட்டாள். அந்த வீட்டில் அதுதான் வழக்கம். அம்மா பெரியம்மாவிடம் சொல்வாள், பெரியம்மா பெரியப்பாவிடம் சொல்வாள். மூவரும் வீட்டு முன்கூடத்தில், ஒரே ஆசாரத்தில் நின்றுகொண்டிருந்தாலும் அப்படித்தான். போகிற வழியில் பாதி வோல்டேஜ் காணாமல் போகும்.

"ஏனுங்கக்கா, மாட்டைத் தொட்டாச் சுருக்கு சுருக்குங்குதுங்க. லைட்டு எரியறப்பத்தேன். அணைச்சுப்போட்டு இருட்டுல கறந்தா ஒண்ணுமில்லீங்க."

இதைவிடத் தெளிவாக எந்த இஞ்சினியர் சொல்லுவான்? பெரியம்மா திரும்பி, "மாட்டைத் தொட்டா இவளுக்குக் கை சுருக்குங்குதாமா" என்றாள். லைட் வழியிலேயே கழன்று விழுந்துவிட்டது.

பெரியப்பா எழுந்து போய்ப் பைப்பைப் பிடித்துப் பார்த்தார். அவர் காலில் கட்டை கட்டையாக ரப்பர் செருப்பு. கட்டுத்தரைக்குள் செருப்போடு போகிற ஒரே ஆள் அவர். பைப்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிவிட்டு, "எனக்கு ஒண்ணும் சுருக்குங்கலியே? நரம்புத் தளர்ச்சியா இருக்கும். டாக்டருகிட்ட கூட்டிப் போகச் சொல்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கூட்டிப்போனார். நாலு கேள்வி கேட்டு டாக்டர் சிவப்பு மாத்திரை எழுதினார். ஒரு வாரம் முழுக்க அம்மா மாத்திரையைப் போட்டுக்கொண்டு சுருக்கு வாங்கினாள். "லைட்டுனாலதானுங்க" என்று அப்பாவிடமும் சொன்னாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, "அண்ணன் மோட்டாரே கழட்டி மாட்டறவரு. அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுபோச்சு?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினார்.

பள்ளிக்கூடத்திலும் ஒரு கூத்து. அறிவியல் வாத்தியார், "மின்சாரம் ஒரு சுற்று சுற்றி வந்தால்தான் பாயும், போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி" என்று கரும்பலகையில் பல்பு வரைந்தார். நான் எழுந்து, "எங்க கட்டுத்தரையில ஒத்தைக் கம்பியிலயே எரியுதுங்க சார். வர்ற கரண்டு மாடு மேல ஏறி வருதுங்களா?" என்று கேட்டேன். நீங்கள் எல்லாம் சிரித்தீர்கள். வாத்தியார் ஸ்கேலைத் திருப்பி விளிம்பால் முட்டியில் நாலு வைத்தார். நான் எப்போதும் நக்கல் பேசுகிறவன், அதனால் அதுவும் நக்கல்தான் என்று அவர் முடிவு. வாழ்க்கையில் நான் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அது.

மாத்திரைக்கு நிற்கவில்லை என்றதும் கயிறு மந்திரிக்கிறவரைக் கூட்டிவந்தார்கள். அவர் மரியாதையாகச் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கால் கழுவி, ஈரக் காலோடு உள்ளே வந்தார். எலுமிச்சம்பழத்தைக் கட்டப் பைப்பில் கை வைத்தவர், "ஆத்தீ!" என்று நாலடி பின்னால் குதித்தார். பழம் சாணியில் உருண்டது.

"இருக்குதுங்க. பெருசா ஒண்ணு இருக்குதுங்க" என்றார்.

அவர் ஒருத்தர்தான் பெரியவர்களில் உண்மையைச் சொன்னவர். ஆனால் அதோடு நிறுத்தினாரா? மூச்சு வாங்கிவிட்டு, "கறக்கற அம்மணி கை ஆகலீங்க. கை மாத்துங்க" என்றார்.

அவ்வளவுதான். அம்மாவின் கை ஆகாத கை. மறுநாளிலிருந்து பெரியம்மா கறந்தாள், அவளையும் மாடு உதைத்தது. உடனே என்ன சொன்னார்கள்? "அவ கை பட்ட மாடு, இனி உருப்படாது." விற்றுவிட முடிவு. வாங்க வந்தது கறவைக்காரன் இல்லை, அடிமாட்டு வண்டி. உதைக்கிற மாட்டை வேறு யார் வாங்குவார்கள்?

அன்று காலை மாட்டை அவிழ்த்து வாசலுக்கு ஓட்டி வந்தார்கள். அம்மா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வெயிலில், மண்தரையில் வைத்தாள். மாடு மூக்கு முழுக உள்ளே விட்டு, ஒரே மூச்சில், சர்ரென்று, வாளியின் அடி தெரிகிற வரை உறிஞ்சியது. நக்கவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு உறிஞ்சிக் குடித்தது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். அதுதான் சாட்சி, கண் முன்னால் நின்று தண்ணீர் குடித்தது.

"போறப்ப என்னமாக் குடிக்குது பாரு, திமிரு" என்றாள் பெரியம்மா.

அம்மா அன்று வழக்கத்தை உடைத்தாள். முதல் தடவையாகப் பெரியப்பா முகத்தைப் பார்த்தே பேசினாள். "மாட்டு மேல தப்பில்லீங்க. ஒரே ஒரு நாளைக்கு அந்த லைட்டைப் போடாம இருந்து பாருங்க."

பெரியப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. பெரியம்மாவைப் பார்த்து, "அவளை உள்ள போகச் சொல்லு" என்றார்.

என் டவுசர் பை நிறையக் கோலிக்குண்டு. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கடை மூடிவிடும், முதுகும் பழுத்துவிடும். வண்டியில் ஏற்றும்போது செவலை திரும்பித் திரும்பி அம்மாவைத் தேடியது. அம்மா உள்ளே போய்விட்டிருந்தாள்.

நரம்பு தேறட்டும் என்று அம்மாவைச் சத்தியமங்கலத்துக்கு அனுப்பினார்கள். பெரியப்பா தானே சந்தைக்குப் போய், சுழி பார்த்து, பல் பார்த்து, கருப்பு வெள்ளை மாடு ஒன்றை வாங்கி வந்தார். நாலே நாள். அதுவும் காலை மாற்றி வைத்தது, அதுவும் நக்கியது. பெரியம்மா மெதுவாக, "எனக்கும் சுருக்குங்கறாப்புல இருக்குதுங்க" என்றாள்.

"ஏன், நீயும் மாத்திரை திங்கோணுமா?" என்றார் பெரியப்பா.

அப்போதுதான் எனக்குச் சரக்கென்று கோபம் வந்தது. ஏழாவது படிக்கிற பையனுக்கு என்ன ஆயுதம் இருக்கிறது? யாருக்குச் சுருக்கென்கிறது, யாருக்கு இல்லை என்று மட்டும் எனக்கு அத்துப்படி. கடை நடத்தியவன் ஆயிற்றே. அஞ்சு நாள் உப்புத் தண்ணீர் ஊற்றவில்லை. பல்பு மின்மினி மாதிரி ஆயிற்று. ஆறாம் நாள் பொழுதோடு, பெரியப்பா வாய்க்காலில் கால் கழுவிய நேரம், கரையில் கழற்றி வைத்திருந்த ரப்பர் செருப்பைத் தூக்கிச் சோளத்தட்டுப் போருக்குள் திணித்துவிட்டு, "பெரியப்பா, லைட்டு அணையப் போகுதுங்க!" என்று கத்தினேன்.

செருப்பைத் தேடிவிட்டு, திட்டிக்கொண்டே வெறுங்காலில் வந்தார். ஈரத் தளத்தில் நின்று, ஒரு கையால் பைப்பைப் பிடித்து, ஒரு கையால் பல்பை நோக்கி எக்கினார்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத எனக்குப் படிப்புப் பத்தாது. சாணிக் குழிக்குள் உட்கார்ந்திருந்தார். வேட்டி ஒரு பக்கம், மீசை ஒரு பக்கம். நான் சிரித்தேன். இப்போதும் சிரிப்பு வருகிறது, மறைக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் வயர்மேன் வந்தார். டெஸ்டரைப் பைப்பில் வைத்தார், எரிந்தது. சங்கிலியில் வைத்தார், எரிந்தது. மாட்டை அவிழ்த்து வெளியே கட்டச் சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்தார். நான் வயரைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அடுத்து அவர்கள் பேசியதில் ஒரு சொல் எனக்கு மறக்கவில்லை.

"ஏனுங்க, மாட்டைக் கட்டி வெச்சு ரெண்டு வேளையும் ஷாக் குடுத்துட்டு இருந்திருக்கறீங்க. மாட்டுக்கு நம்மளவிட எச்சாத் தெரியுமுங்க. மண்ணு காயக் காய கரண்டு பூமிக்குள்ள எறங்காம பைப்புலயே நிக்கும், மாடு வழியா எறங்கும். வெறுங்காலோட கறக்கறவிய ஆராவது சொல்லியிருப்பாங்களே, தொட்டாச் சுருக்குங்குதுன்னு?"

பெரியப்பா செருப்பைத் தரையில் தேய்த்தார்.

"ஆரும் சொல்லலீங்க."

ஆரும் சொல்லலீங்க! பெரியம்மா சொம்பைக் கழுவிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. "எங்கம்மா சொல்லுச்சு!" என்று கத்தினேன். வயர்மேன் என்னைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், அப்புறம் பேசாமல் வயரைச் சுருட்டினார். பெரியவர்கள் ஒருத்தருக்கொருத்தர் செய்துகொள்கிற மரியாதை அது.

அவர் வேலை சுத்தமாக இருந்தது. வீட்டுச் சர்வீஸிலிருந்து இரண்டு வயராக இழுத்தார். கட்டுத்தரைக்கு அந்தாண்டை ஆழமாகக் குழி வெட்டி, பைப்பு இறக்கி, கரியும் உப்பும் போட்டுத் தனியாக எர்த் போட்டார். தூண், தளத்துக் கம்பி, தொட்டிக் கம்பி எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து அந்த எர்த்தில் முடிந்தார். பூமிக்குள் போகிற வயரில் பல்பு எரிக்கக் கூடாது, அது ஆபத்துக்கு மட்டும்தான் என்று மூன்று தடவை சொன்னார். ஒரே நாள் வேலை. அந்த ஒரு நாளை முன்னமே செலவழித்திருந்தால் செவலை இருந்திருக்கும்.

வயர்மேன் தலை மறைந்ததும் எனக்கு விழுந்தது. புளிய விளாறு. செருப்பை ஒளித்ததற்காம். சரி, வாங்கிக்கொண்டேன். மாட்டை அடிமாடாக்கியதற்கு யாருக்கு விழுந்தது? "இந்தச் சமாச்சாரம் உங்கம்மா காதுக்குப் போச்சு, தோலை உரிச்சுப்போடுவேன்" என்றார்.

அம்மா திரும்பி வந்தபோது கருப்பு வெள்ளை மாடு சொம்பு நிறையக் கறந்துகொண்டிருந்தது. பெரியம்மா வாசலிலேயே, "கை மாறுனதும் பாரு அம்மணி, எப்படிச் சுரக்குதுன்னு" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னாள். அம்மா தன் இரண்டு உள்ளங்கையையும் ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நான் சொல்லவில்லை. முதலில் விளாறுக்குப் பயந்து. அப்புறம் கோலிக்குண்டுக்குப் பயந்து. தண்ணீர் ஊற்றாமல் விட்டது நான்தானே, அம்மா உதை வாங்கிய நாளெல்லாம் என் கடை நாள்தானே. அப்புறம் வருசம் ஓடிவிட்டது, என்னத்தைச் சொல்ல என்று விட்டுவிட்டேன். பெரியப்பா சாகும்வரை அந்தக் கட்டுத்தரையைக் காட்டிக் காட்டிப் பெருமை பேசினார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன். அவரைத் திட்டுகிற கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது. மீதியில் ஒரு துண்டு உங்களுக்கு. கோலிக் கடையில் கூடிய நம் ஆறு பேருக்கும் அந்தப் பைப்பு விறுவிறுக்கும் என்று தெரியும். மந்திரிக்கிறவர் வந்த அன்று வேலியோரம் நின்று பார்த்தீர்களே, எவனாவது வாயைத் திறந்தானா?

போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் கன்று போட முடியாமல் ஒரு மாடு தவித்தது. அந்த வீட்டுப் பிள்ளை ஓடிவந்து, "அத்தே, வந்து ஒரு கை பிடிங்கத்தே" என்று கூப்பிட்டது. அம்மா எழுந்தாள். செருப்பைத் தேடினாள். பிறகு நின்று, இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் விட்டுக்கொண்டாள்.

"வேண்டாங் கண்ணு. என்ற கை மாட்டுக்கு ஆகாது."

இத்தனை வருசம் கழித்து. எழுபதை நெருங்குகிற வயதில். நான் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தேன்.

இனிமேல் வெளிச்சம் தந்தவர் என்று எவனாவது குரூப்பில் போட்டால் வீட்டுக்கே வந்து உதைப்பேன். செவலை உதைத்ததைவிட நன்றாக உதைப்பேன்.

இதைக் குரூப்பில் போட்டுவிட்டு, ஒரு லோடு இறக்கி முடித்துப் பார்த்தேன். எல்லோரும் படித்திருந்தார்கள். கடைசியில் தறிக்காரனிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது:

"கோலி குடுத்துத் தொட்டவன் நானுந்தாண்டா, நாயித்துக்கெழமை வாரேன், அம்மாகிட்ட ரெண்டு பேருமாச் சேந்தே சொல்லிப்போடலாம்."